நன்றிக் கடிதத்தில் அடிக்கப்பட்ட வரி

ஏழாம் வகுப்பில் நான் எழுதிய கடிதத்தில் ஒரு வரி அடிக்கப்பட்டது.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு மிஷன் பள்ளியின் போர்டிங்கில் அப்போது இருந்தேன். எங்களில் பலருக்கு வெளிநாட்டில் ஒரு ஸ்பான்சர் உண்டு. அவர்கள் அனுப்பும் பணத்தில் சாப்பாடு, நோட்டுப் புத்தகம், யூனிஃபார்ம், கிறிஸ்துமஸுக்கு ஒரு புதுத்துணி. அதற்கு ஈடாக நாங்கள் வருடத்துக்கு இரண்டு கடிதம் எழுத வேண்டும். மாதிரிக் கடிதம் கரும்பலகையில் இருக்கும். நான் நலம், நீங்கள் நலமா, நன்றாகப் படிக்கிறேன், உங்களுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். வீட்டைப் பற்றிச் சொந்தமாக எழுத நடுவில் இரண்டு வரி விட்டிருப்பார்கள்.

அது 2008. அரசாங்கம் கொடுத்த இலவச கலர் டி.வி. எங்கள் வீட்டுக்கு வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. அந்த இரண்டு வரியில் நான் அதைத்தான் எழுதினேன். எங்கள் வீட்டில் டி.வி. வந்திருக்கிறது, அம்மா பீடி சுற்றிக்கொண்டே பார்ப்பாள் என்று. கடிதங்களைத் திருத்திய அக்கா அந்த வரியைக் கறுப்பு மையால் அடித்தார். "ஏட்டி, டி.வி. இருக்குன்னு எழுதினா எவ துட்டு அனுப்புவா?" அதற்குப் பதிலாக ஓலைக்குடிசை என்று எழுதச் சொன்னார். எங்கள் வீடு ஓடு போட்டது.

அக்கா கெட்டவர் இல்லை. அவரும் அதே போர்டிங்கில் வளர்ந்தவர்தான். பணம் எப்படி வரும், எப்போது நிற்கும் என்பது அனுபவத்தில் அவருக்குத் தெரியும். அவர் திருத்தியதால் எனக்கு இன்னும் ஐந்து வருடம் சோறு கிடைத்திருக்கலாம். ஆனால் ஓட்டு வீட்டை ஓலை வீடாக்கிய அந்தக் கையெழுத்து என்னுடையது. இந்தக் கட்டுரை அந்தக் கையெழுத்திலிருந்து தொடங்குகிறது.

கிறிஸ்தவப் பள்ளிகளுக்குப் பணம் தந்த அறக்கட்டளைகளையும் சங்கங்களையும் பற்றி நம்மிடம் இருவகைப் பேச்சுதான் உண்டு. ஒன்று நன்றிப் பேச்சு. வெள்ளைக்கார அம்மாக்கள் வந்திராவிட்டால் நம் பெண்கள் எழுத்தறிந்திருக்க மாட்டார்கள் என்று நூற்றாண்டு மலர்கள் சொல்லும். மற்றது சந்தேகப் பேச்சு. எல்லாமே மதம் மாற்ற வந்த அந்நியப் பணம் என்பது அது. இரண்டும் கொடுத்தவரைப் பற்றியே பேசுகின்றன. பெற்றுக்கொண்ட பெண் இரண்டிலும் வாய் திறப்பதில்லை. அந்தப் பணம் வருவதற்காக அவள் என்ன உழைத்தாள், எதை எழுதிக் கொடுத்தாள், எதை விட்டுக் கொடுத்தாள் என்று கேட்டால் இந்த வரலாறு வேறு மாதிரி தெரிகிறது.

பெயரை விற்ற பள்ளிகள்

யாழ்ப்பாணத்திலிருந்து தொடங்கலாம். அமெரிக்க மிஷனரிகள் அங்கே 1816-இல் வந்தார்கள். 1823-இல் வட்டுக்கோட்டையில் ஆண்களுக்கான செமினரி, 1824-இல் உடுவிலில் பெண்களுக்கான உறைவிடப் பள்ளி. உடுவில் ஆசியாவின் மிகப் பழைய பெண்கள் உறைவிடப் பள்ளிகளில் ஒன்று. ஹாரியட் வின்ஸ்லோ அதைத் தொடங்கினார். 1840-இல் வந்த எலிசா ஆக்னியூ ஏறக்குறைய 40 ஆண்டுகள் அங்கே கற்பித்தார். ஆயிரம் பெண்களின் தாய் என்று இன்றும் அவரைச் சொல்வார்கள்.

இந்தப் பள்ளிகளுக்குப் பணம் சேர்க்க அந்த மிஷன் ஒரு வழி கண்டது. அமெரிக்காவில் ஒருவர் ஒரு பிள்ளையின் ஆண்டுச் செலவை ஏற்றால், அந்தப் பிள்ளைக்கு அவர் பெயரையோ அவர் விரும்பும் ஒருவரின் பெயரையோ வைத்துவிடுவார்கள். இப்படி வந்தவைதான் நம் இலக்கிய வரலாற்றில் இன்றும் நிற்கும் விநோதப் பெயர்கள்: ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை. முன்பாதி கடல் கடந்து வந்தது, பின்பாதி வீட்டில் வைத்தது.

ஆண்களின் பெயரில் இரண்டு பாதியும் பிழைத்தன. படித்து முடித்த அவர்கள் ஆசிரியராக, பத்திரிகையாசிரியராக, பதிப்பாளராக வெளியே வந்து, தாங்கள் விரும்பிய பெயரைத் தாங்களே அச்சில் போட்டுக்கொண்டார்கள். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 1886-இல் வெளியிட்ட பாவலர் சரித்திர தீபகத்தில் நூற்றுக்கணக்கான புலவர்களின் பெயர்களையும் பதிவு செய்துவிட்டுப் போனார். அதே காலத்தில் உடுவிலில் படித்த பெண்களுக்கும் நன்கொடையாளரின் பெயர்கள் சூட்டப்பட்டன. அவர்களில் எத்தனை பேரை நமக்குப் பெயர் சொல்லித் தெரியும்? மிஷன் அறிக்கைகளில் அவர்கள் அமெரிக்கப் பெயரோடு வருகிறார்கள், பிறகு இன்னாரின் மனைவியாகிறார்கள், அதன்பின் காணாமல் போகிறார்கள். ஒரு பெண் தன் பெயரைத் தகப்பனிடமிருந்து நன்கொடையாளரிடமும், நன்கொடையாளரிடமிருந்து கணவரிடமும் ஒப்படைத்தபடி நகர்ந்திருக்கிறாள். தனக்கென்று அச்சில் போட்டுக்கொள்ள எந்தக் கட்டத்திலும் அவளுக்கு வாய்ப்பு வரவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தொடக்க காலத்தில், படிப்பை முடித்துக் கிறிஸ்தவரை மணக்கும் உடுவில் பெண்ணுக்கு மிஷனே சீதனம் தந்தது. மிஷனரிகளைத் திட்ட இது வசதியான செய்தி, ஆனால் திட்டுவதற்காக இதை நான் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் சீதனம் இல்லாமல் கல்யாணம் இல்லை என்பதை அவர்கள் புரிந்துகொண்டார்கள். பெண்ணைப் பள்ளியில் நிறுத்தி வைக்கவும், செமினரியில் படித்த ஆண்களுக்குப் படித்த கிறிஸ்தவ மனைவி கிடைக்கவும் அது உதவியது. நன்கொடைப் பணம் இப்படிச் சீதனமாக மாறியபோது, பெண் கல்வியின் நோக்கம் என்ன என்பதும் சேர்த்தே முடிவாகிவிட்டது. பாஸ்டனிலிருந்து வந்த பணமும் உடுவில் வீட்டுத் தகப்பனின் பணமும் அவளைக் கொண்டுபோய் விட்ட இடம் ஒன்றே.

ரேந்தையும் பிடியரிசியும்

பள்ளியை நடத்தியது வெளிநாட்டுப் பணம் மட்டும்தானா? நாகர்கோவிலுக்கு வருவோம். லண்டன் மிஷனைச் சேர்ந்த ஜோஹன்னா மீட் 1819-இல் அங்கே பெண் பிள்ளைகளுக்கு உறைவிடப் பள்ளி தொடங்கினார். பின்னர் மார்த்தா மால்ட் 1820-களின் தொடக்கத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். எங்கள் பக்கம் இதை ரேந்தை என்பார்கள். ஒரு திண்டின்மேல் வடிவத்தைப் பரப்பி, ஊசிகள் குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்ன வேண்டும். கண்ணைக் கெடுக்கும் வேலை. பின்னியதை ஐரோப்பியக் குடும்பங்களுக்கு விற்றார்கள். அந்த வருமானத்தில் பள்ளி நடந்தது.

அந்தப் பிள்ளைகளில் அடிமைச் சாதிகளில் பிறந்தவர்கள் இருந்தார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை 1855 வரை சட்டப்படி இருந்தது. ரேந்தையில் கிடைத்த கூலியைச் சேர்த்து வைத்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே விலைக்கு வாங்கிய பெண்கள் அவர்களில் உண்டு. மார்பை மறைக்கும் உரிமைக்காகத் தோள்சீலைக் கலகம் நடந்த அதே மண், அதே பதிற்றாண்டுகள். மேலாடை அணிந்ததற்காகத் தெருவில் அடிபட்ட சமூகத்துப் பெண்கள், இன்னொரு நாட்டுச் சீமாட்டிகளின் கழுத்துக்கும் மணிக்கட்டுக்கும் லேஸ் பின்னி, அந்தக் காசில் எழுத்துப் படித்தார்கள்.

நியாயமாகப் பார்த்தால் அந்தப் பள்ளியின் முதல் நன்கொடையாளர்கள் அவர்களே. ஆனால் அறிக்கைகளில் அவர்களுக்கான சொல் வேறு. லண்டனிலிருந்து வந்தால் அது நன்கொடை. பிள்ளைகள் பின்னிச் சம்பாதித்தால் அது கைத்தொழிற் பயிற்சி. கொடுத்தவர் தர்மவான் ஆகிறார், உழைத்தவள் பயனாளி ஆகிறாள். பெண்ணின் உழைப்பை வீட்டில் கடமை என்றும் பள்ளியில் பயிற்சி என்றும் பெயர் மாற்றிக் கணக்கிலிருந்து எடுத்துவிடும் வித்தை நமக்குப் புதிதல்ல.

ரேந்தைக்காவது விற்பனைக் கணக்கு இருந்தது. பிடியரிசிக்கு அதுவும் கிடையாது. என் ஆச்சி உலை வைக்கும்போது, அரிசியைக் களையுமுன் ஒரு பிடி எடுத்துச் சுவரோரம் இருந்த சின்ன மண்கலயத்தில் போடுவாள். வாரக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும். யாழ்ப்பாணத்திலும் 19-ஆம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவப் பெண்கள் இப்படிப் பிடியரிசி ஒதுக்கினார்கள். உபதேசியார் சம்பளம், பள்ளிச் செலவு என்று அது கரைந்தது. எங்கள் ஊரில் இதோடு மாதாமாதம் சங்கக் காணிக்கை, ஸ்தோத்திரப் பண்டிகையில் ஏலம் விடக் கொண்டுபோகும் கோழி, முட்டை, முருங்கைக்காய். இவற்றில் பெரும்பங்கு பெண்கள் வளர்த்தது, பெண்கள் மிச்சம் பிடித்தது.

அந்தப் பிடியரிசி யார் பங்கிலிருந்து போனது என்று ஒருநாள் ஆச்சியிடம் கேட்டேன். தாத்தாவுக்கும் பிள்ளைகளுக்கும் குறைக்க முடியுமா என்று திருப்பிக் கேட்டாள். அதாவது அவள் பங்கிலிருந்து. பள்ளிக் கட்டடத்துக் கல்வெட்டில் கடல் தாண்டிய பெயர்கள் இருக்கின்றன. தன் வயிற்றிலிருந்து எடுத்துக் கொடுத்தவள் பெயரை எந்தக் கல்வெட்டில் வெட்டுவது?

ஏழ்மை ஓர் இலக்கிய வகை

அடிக்கப்பட்ட என் வரிக்குத் திரும்புகிறேன். நன்கொடை கேட்கும் எழுத்து ஓர் இலக்கிய வகை. அதற்கென்று இலக்கணமும் உண்டு. சிறுவயதில் அந்த இலக்கணத்தைத்தான் அக்கா எனக்குக் கற்றுக் கொடுத்தார்.

பாளையங்கோட்டையில் சாரா டக்கர் பெயரில் கல்லூரி இருக்கிறது. அந்தப் பெயருக்குரியவர் ஒருமுறைகூட இந்தியாவுக்கு வந்ததில்லை. அவருடைய சகோதரர் ஜான் டக்கர் சென்னையில் சி.எம்.எஸ். சங்கத்தின் செயலர். உடல் நலமில்லாமல் இங்கிலாந்தில் இருந்தபடியே, கிடைத்த செய்திகளை வைத்துத் தென்னிந்திய மிஷன் பற்றி சாரா புத்தகம் எழுதினார். அதைப் படித்தவர்கள் பணம் அனுப்பினார்கள். 1857-இல் அவர் இறந்தபின் அவருடைய தோழியர் சேர்த்த நினைவு நிதியில், பெண்களை ஆசிரியைகளாக்கும் பயிற்சிப் பள்ளி இங்கே எழுந்தது. 1890-களில் அது கல்லூரியானது. நம் சிற்றூர்களில் பள்ளிக்கூடம் நடத்திய எத்தனையோ டீச்சர்கள் அங்கிருந்து வந்தவர்கள். இது சின்ன விஷயமே இல்லை.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. வீட்டை விட்டு வெளியே போக முடியாத ஒரு பெண், பார்க்காத ஊரைப் பற்றி எழுதினாள். அந்த எழுத்து அவளுக்கு ஓர் உலகத்தையும், இறந்தபின் ஒரு பெயரையும் தந்தது. அவள் எழுதிய பெண்களுக்கு அந்த எழுத்தைப் படிக்கக்கூட வழி இருக்கவில்லை. தங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களிடம் யாரும் கேட்கவுமில்லை. இங்கிலாந்துப் பெண்ணின் முடக்கம் தமிழ்ப் பெண்ணின் முடக்கத்தை எழுதித்தான் தளர்ந்தது.

எமி கார்மைக்கேலின் கதை இன்னும் சுவையானது. திருநெல்வேலிச் சீமையில் தான் கண்டவற்றை, ஊழியத்தின் தோல்விகளையும் சேர்த்து, ஒளிக்காமல் எழுதித் தாய்நாட்டுக்கு அனுப்பினார். மனம் தளரச் செய்கிறது, கொஞ்சம் நம்பிக்கையூட்டும்படி மாற்றித் தாருங்கள் என்று கையெழுத்துப் பிரதி திரும்பி வந்தது. அவர் மாற்ற மறுத்து எடுத்து வைத்துவிட்டார். பின்னர் நண்பர்களின் முயற்சியால் 1903-இல் உள்ளது உள்ளபடி என்ற பொருள் தரும் தலைப்பில் அது வெளியானது. அவருக்குச் சொல்லப்பட்டது உன் எழுத்து மிக இருட்டு என்று. எனக்குச் சொல்லப்பட்டது உன் எழுத்து மிக வெளிச்சம் என்று. ஏழைப் பெண்ணின் துயரம் நம்பிக்கையிழக்கும் அளவுக்குப் போகக்கூடாது. போனால், கொடுத்து என்ன பயன் என்று தோன்றிவிடும். குறையவும் கூடாது. குறைந்தால், எதற்குக் கொடுக்க வேண்டும் என்று தோன்றிவிடும். அளந்து வைத்த துயரம்தான் பணமாகும்.

இருவருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. எமி கார்மைக்கேல் தன் பிரதியை எடுத்து வைக்க முடிந்தது. பின்னாளில் தோனாவூரில் யாரிடமும் பணம் கேட்பதில்லை என்றே ஒரு விதியும் வைத்துக்கொண்டார். கரும்பலகையைப் பார்த்து எழுதுகிற பிள்ளைக்கு அப்படி ஒரு மேசை அறை இல்லை.

இந்த இலக்கணத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்ட இந்தியப் பெண் பண்டித ரமாபாய். உயர்சாதி இந்துப் பெண்ணின் நிலை குறித்து அவர் ஆங்கிலத்தில் எழுதி 1887-இல் அமெரிக்காவில் வெளியிட்ட புத்தகம் நன்கொடை திரட்ட எழுதியதுதான். அதை வாசித்தவர்கள் அந்த ஆண்டே பாஸ்டனில் அவர் பெயரில் சங்கம் அமைத்து, பத்தாண்டுகளுக்குப் பணம் தர உறுதி சொன்னார்கள். 1889-இல் பம்பாயில் சாரதா சதன் திறந்தது. மதப் போதனை கூடாது என்பது அதன் நிபந்தனை. கிறிஸ்தவரான ரமாபாய் தன் அறையில் செய்த ஜெபத்துக்குப் பிள்ளைகள் வந்து உட்காரலாமா என்பதே 1893-இல் பெரிய சர்ச்சையாகிப் பலர் தங்கள் பெண்களை அழைத்துக்கொண்டு போனார்கள். சொந்த வாயால் கேட்டு, சொந்தக் கையால் கணக்கு வைத்த பெண்ணுக்கும் நிபந்தனையிலிருந்து தப்பிக்க முடியவில்லை. ஆனால் அவர் அதை எதிர்த்து வாதாட முடிந்தது. கேட்பவள் தானே எழுதினால் குறைந்தபட்சம் இவ்வளவாவது கிடைக்கிறது.

பத்து லட்சம் டாலரும் ஒரு குழியும்

சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி 1915-இல் 41 மாணவிகளோடு தொடங்கியது. எலினர் மெக்டுகல் அதன் முதல் முதல்வர். பிரிட்டனையும் வட அமெரிக்காவையும் சேர்ந்த 12 மிஷன் சங்கங்கள் செலவைப் பகிர்ந்துகொண்டன. 1918-இல் வேலூரில் ஐடா ஸ்கடர் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். இரண்டுக்கும் கட்டடம் வேண்டும், பணம் வேண்டும்.

அப்போது அமெரிக்கச் சபைகளின் பெண்கள் ஒரு பெரிய வேலையில் இறங்கினார்கள். சீனா, ஜப்பான், இந்தியாவிலுள்ள ஏழு பெண்கள் கல்லூரிகளுக்குச் சேர்த்துப் பணம் திரட்டும் இயக்கம் அது. இந்தியாவில் சென்னை, வேலூர், லக்னோவின் இசபெல்லா தோபர்ன் கல்லூரி ஆகியவை அதில் இருந்தன. முன்னின்றவர் லூசி பீபாடி. இளம் வயதில் கணவரோடு சென்னைக்கு மிஷனரியாக வந்து, கணவர் இறந்தபின் பிள்ளைகளோடு ஊர் திரும்பியவர். நீங்கள் 20 லட்சம் டாலர் திரட்டினால் நாங்கள் 10 லட்சம் தருகிறோம் என்றது லாரா ஸ்பெல்மன் ராக்பெல்லர் நினைவு அறக்கட்டளை. 1923 பிறப்பதற்குள் திரட்ட வேண்டும் என்பது கெடு. ஊர் ஊராக ஒரு டாலர், அரை டாலர் என்று வாங்கி அந்தப் பெண்கள் திரட்டிவிட்டார்கள். அவர்கள் ஊரின் பிடியரிசி அது.

இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு பெண்களுடையது. மூன்றில் ஒரு பங்கு அறக்கட்டளையினுடையது. கெடு வைத்தது அறக்கட்டளை. பெரிய பெயரும் அறக்கட்டளைக்கு. அந்தப் பெயரிலும் ஒரு பெண் இருக்கிறாள் என்பதுதான் விசித்திரம். லாரா ஸ்பெல்மன் அடிமை முறையை எதிர்த்த குடும்பத்தில் பிறந்து, கல்யாணத்துக்கு முன் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். அவர் இறந்தபின் 1918-இல் கணவர் ஜான் ராக்பெல்லர் அவர் பெயரில் அறக்கட்டளை அமைத்தார்.

ராக்பெல்லர் பணம் எங்கிருந்து வந்தது? ஸ்டாண்டர்டு ஆயில் எண்ணெயிலிருந்து, ரயிலிலிருந்து, சுரங்கத்திலிருந்து. 1914 ஏப்ரல் 20 அன்று அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் லட்லோ என்ற இடத்தில், வேலைநிறுத்தம் செய்த நிலக்கரித் தொழிலாளர்களின் கூடார முகாமைப் படையினரும் கம்பெனிக் காவலர்களும் தாக்கினார்கள். கூடாரங்கள் எரிந்தன. குண்டுக்குப் பயந்து ஒரு கூடாரத்தின் கீழே வெட்டிய குழிக்குள் ஒளிந்திருந்த 2 பெண்களும் 11 குழந்தைகளும் மூச்சுத் திணறிச் செத்தார்கள். அந்த வட்டாரத்தின் மிகப் பெரிய சுரங்கக் கம்பெனியில் ஆதிக்கப் பங்கு ராக்பெல்லர் குடும்பத்தின் கையில் இருந்தது. அதற்கு நான்கே ஆண்டு கழித்துதான் மனைவி பெயரில் அறக்கட்டளை வந்தது.

அந்தக் குழியில் செத்த பெண்களுக்கும் நுங்கம்பாக்கத்தில் படித்த பெண்களுக்கும் இடையே ஒரு கணக்குப் புத்தகம் இருக்கிறது. அதைச் சுட்டுவது, படித்தவர்களைக் குற்றவாளியாக்க அல்ல. ஒரு பெண்ணின் பெயரால் வரும் தர்மம் பெண்கள் எல்லோருக்கும் நன்மை செய்துதான் வந்திருக்கும் என்று நம்பிவிடாமல் இருக்க.

அந்தக் காலத்தில் இந்தக் கேள்வி யாருக்கும் தோன்றவில்லை என்றும் சொல்ல முடியாது. 1905-இல் அமெரிக்கன் போர்டு என்ற மிஷன் சங்கம் ராக்பெல்லரிடமிருந்து ஒரு லட்சம் டாலர் பெற்றபோது, அதே சபையின் போதகர்கள் கறைபட்ட பணம் என்று போர்க்கொடி தூக்கினார்கள். வாஷிங்டன் கிளாடன் அதில் முதன்மையானவர். தானாக வந்த பணம் என்று எல்லோரும் நினைத்திருக்க, சங்கமே போய்க் கேட்டு வாங்கியது என்பது பிறகு தெரிந்தது. யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் பள்ளிகள் நடத்தியது அதே அமெரிக்கன் போர்டுதான். ஆக, கொடுப்பவரின் பணத்தைக் கேள்வி கேட்பது நன்றி கெட்டதனம் அல்ல. அவர்கள் மரபிலேயே அதற்கு இடம் இருந்தது. நமக்குத்தான் அந்தக் கேள்வி வந்து சேரவில்லை.

இன்னொரு கசப்பும் இந்தக் கதையில் உண்டு. இவ்வளவு திரட்டிய பெண்கள் தங்கள் சங்கங்களையே இழந்தார்கள். பிரஸ்பிட்டேரியன் பெண்களின் மிஷன் வாரியம் 1923-இல் பொது வாரியத்தோடு இணைக்கப்பட்டது. காங்கிரிகேஷனல் பெண்களின் வாரியம் 1927-இல் அமெரிக்கன் போர்டுக்குள் போனது. திறமையான நிர்வாகத்துக்காக என்றார்கள். பெண்கள் சேர்த்த பணம், பெண்கள் நடத்திய அலுவலகம், பெண்கள் எடுத்த முடிவு எல்லாம் ஆண்கள் பெரும்பான்மையாக இருந்த குழுக்களுக்குப் போயின. திரட்டுவது பெண்ணின் வேலை, பங்கிடுவது ஆணின் வேலை. என் ஆச்சியின் கலயத்திலும் அதுதான் நடந்தது. பிடியரிசி வருமானத்தை எதற்குச் செலவிடுவது என்று முடிவெடுத்த கமிட்டியில் அவள் உட்கார்ந்ததில்லை.

கேள்வியைத் தவறான கையில் கொடுக்காமல்

இதையெல்லாம் எழுதும்போது ஒரு தயக்கம் இருக்கிறது. இந்த விமரிசனத்தை எடுத்துப் போய்ப் பள்ளிகளை மூடுவதற்குப் பயன்படுத்துகிறவர்கள் இன்று அதிகாரத்தில் இருக்கிறார்கள். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 1976-இல் வந்தது, 2010-இல் புதிதாக எழுதப்பட்டது, 2020-இல் திருத்தத்தால் இறுக்கப்பட்டது. இப்போது ஓர் அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டுப் பணத்தை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்ற முடியாது. நிர்வாகச் செலவுக்கு முன்பு 50 சதவீதம் வரை ஒதுக்கலாம், இப்போது 20 சதவீதம்தான். கிராமத்தில் நாலு பேரை வைத்து நடத்தும் சின்ன அமைப்புகளுக்கு இது கழுத்தை நெரிக்கும் விதி. அதற்கு முன்பே, 2017-இல், கம்பாஷன் இண்டர்நேஷனல் என்ற அமெரிக்க அமைப்பு அரசின் தடையால் இந்தியாவை விட்டு வெளியேறியது. அதன் ஆதரவில் இருந்த பிள்ளைகள் ஏறக்குறைய 1,45,000 பேர். அவர்கள் இனிமேல் நன்றிக் கடிதம் எழுத வேண்டாம். ஆனால் அவர்களுடைய மதியச் சோற்றுக்கும் டியூஷனுக்கும் வேறு யார் பொறுப்பேற்றார்கள்?

அரசு கேட்கும் கேள்வி, பணம் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பது. நான் கேட்பது, அந்தப் பணம் எந்த நிபந்தனையோடு வந்தது, யார் உழைப்பின் மேல் ஏறி வந்தது, செலவை முடிவு செய்யும் இடத்தில் யார் இருந்தார்கள் என்பது. இந்தக் கேள்வியை அந்நியப் பணத்திடம் மட்டும் கேட்டால் அது நேர்மையாகாது. சாதிச் சங்கங்கள் நடத்தும் கல்லூரிகளிடம், கோயில் அறக்கட்டளைகளிடம், கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியிடம் எல்லாம் கேட்க வேண்டும். அங்கும் காசோலையைப் பெரிதாக அட்டையில் அச்சடித்து, பக்கத்தில் ஒரு பெண் பிள்ளையை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள்.

அரசாங்கத்தையும் விட்டுவிட முடியாது. 1854-ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கையை ஒட்டி மானிய முறை வந்த நாளிலிருந்து மிஷன் பள்ளிகள் பொதுப் பணத்திலும் நடக்கின்றன. இன்று தமிழ்நாட்டில் அரசு உதவி பெறும் மிஷன் பள்ளியின் ஆசிரியைக்குச் சம்பளம் தருவது மாநில அரசு, அதாவது நாம் எல்லோரும். எனக்குப் பாடம் சொன்ன டீச்சரின் சம்பளத்தில் என் அம்மா வாங்கிய தீப்பெட்டியின் வரியும் இருந்தது. பள்ளி விழாவில் இதை யாரும் சொன்னதில்லை. அம்மாவும் அந்த விழாவில் நன்றி சொல்லத்தான் எழுந்து நின்றாள்.

எனக்கும் இந்தப் பள்ளிகள்தான் எழுத்துக் கொடுத்தன. எங்கள் தெருப் பெண்களுக்கு வேறு எந்தக் கதவும் திறக்காத காலத்தில் திறந்த கதவு அது. சாதியை முழுக்க ஒழிக்காவிட்டாலும், ஒரே பெஞ்சில் உட்கார வைத்தது. அதை மறுக்க எனக்கு வாய் வராது. ஆனால் நன்றி வேறு, வாய் மூடிக் கிடப்பது வேறு. விமரிசனம் எழுதும் அளவுக்கு என்னைப் படிக்க வைத்த இடத்தை விமரிசிப்பது, அந்தப் படிப்பு வீணாகவில்லை என்பதற்கான சாட்சி.

என் ஸ்பான்சர் அம்மா ஒரே ஒருமுறை பதில் எழுதினார். பனி மூடிய வீட்டின் படம் போட்ட அட்டை. ஆபீசில் அதைத் தமிழில் படித்துச் சொன்னார்கள். உனக்கு எந்தப் புத்தகம் பிடிக்கும் என்று கேட்டிருந்தார். அடுத்த கடிதம் எழுதும் நாள் வந்தபோது கரும்பலகையில் அதே மாதிரிக் கடிதம்தான் இருந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் எழுத அதில் இடமில்லை. அவரும் என்னைப் போலவே, இடையில் இருந்தவர்கள் தந்த வரிகளை மட்டும்தான் படித்திருக்கிறார் என்று இப்போது தோன்றுகிறது. ஓலைக்குடிசையில் ஜெபம் பண்ணும் ஒரு பிள்ளையை அவர் அறிந்திருந்தார். பீடி சுற்றும் அம்மாவோடு உட்கார்ந்து டி.வி. பார்த்துச் சிரித்த பிள்ளையை அவருக்குக் காட்டவேயில்லை. காட்டியிருந்தால் பணத்தை நிறுத்தியிருப்பாரா? அக்கா நிறுத்துவார் என்று நம்பினார். எனக்கு இன்னும் தெரியவில்லை.

இதைப் படிக்கும் மாணவிகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் கல்லூரியின் நூற்றாண்டு மலரை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டடங்களின் பெயர்களை எழுதுங்கள். பிறகு உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள வயதான பெண்களிடம் போய், பள்ளிக்கூடத்துக்காக அவர்கள் என்ன கொடுத்தார்கள் என்று கேளுங்கள். ரேந்தை பின்னியவர்கள், பிடியரிசி ஒதுக்கியவர்கள், மெஸ்ஸில் பாத்திரம் தேய்த்து மகளைப் படிக்க வைத்தவர்கள் என்று பட்டியல் வரும். இரண்டையும் ஒரே தாளில் எழுதி வையுங்கள். என் தாளில் முதல் பெயர் ஆச்சியுடையது.